மனுவும் கைப்பேசியும் – 14: பந்திக்கு முந்தியவர்கள்

இடுப்பில் கைக்குழந்தை, எதிரே ஒரு மைக். 2021 அக்டோபர் கடைசியில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர் கண்ணில் அந்தக் காணொளி படாமல் போயிருக்காது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் குடியிருக்கும் நரிக்குறவர் சமூகத்து இளம்பெண் பேசுகிறார். ஊருக்குள் தலசயனப் பெருமாள் கோயிலில் மத்தியானம் அன்னதானம். இவரும் இன்னும் சில பெண்களும் பிள்ளைகளோடு போயிருக்கிறார்கள். அங்கிருந்த ஒருவர் இவர்களை உட்காரவிடவில்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும், மிச்சம் இருந்தால் வெளியே கொடுக்கிறோம் என்று விரட்டியிருக்கிறார். இது அரசாங்கம் எல்லாருக்கும் போடும் சோறுதானே, எங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்பதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி. கெஞ்சல் இல்லை. மூச்சு விடாமல், ஒரு சொல் தடுக்காமல், கோபத்தை நியாயமாகக் கோத்துப் பேசினார்.

அவர் பெயர் அன்று நாடறிந்தது. புகழ் அவர் கேட்டு வாங்கியதல்ல என்பதால் இந்தத் தொடரில் அதை எழுதவில்லை.

‘பந்திக்கு முந்து’ என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். முந்தி உட்கார்ந்தாலும் எழுப்பிவிடப்படுகிறவர்கள் உண்டு என்பதைப் பழமொழி சொல்வதில்லை. தலசயனப் பெருமாள் கோயில் சின்னக் கோயில் அல்ல. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடியது, பூதத்தாழ்வார் பிறந்த தலம். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002இல் தொடங்கியது. எழுத்தில் பார்த்தால் 2021இல் அந்தப் பந்தியில் யாரையும் எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. சட்டம் கோபுரவாசலைத் தாண்டி உள்ளே விட்டது. இலை போடும் இடம் வரை அதற்குக் கை நீளவில்லை.

சென்ற சில இதழ்களில் 2017இல் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைப் பார்த்தோம். அது லட்சக்கணக்கானோர் கூடிய கதை. இது ஒரே ஒருவர் பேசிய கதை. தமிழ்நாட்டில் இணையம் அரசியலைத் தொட்ட விதத்தை எழுதுகிறவர்கள் மெரினாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ பூஞ்சேரிதான் இன்னும் சிக்கலான அத்தியாயம் என்று படுகிறது.

முதலில் குரலைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நரிக்குறவரைத் தெரியாதவர் கிடையாது, நரிக்குறவர் பேசிக் கேட்டவர் குறைவு. நமக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாக் குரல். ‘ஒளிவிளக்கு’ படத்தில் 1968இல் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேடம் கட்டி ஆடிய பிறகு, கட்சி மேடையில், பள்ளி ஆண்டுவிழாவில், மாறுவேடப் போட்டியில் எல்லாம் ஒரு தலைப்பாகையும் மணிமாலையும் ‘சாமியோவ்’ என்ற இழுவையும் போதும் என்று ஆகிவிட்டது. அவர்கள் வீட்டுக்குள் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தி வகையறாவோடு உறவுள்ள மொழி. தமிழ் அவர்களுக்குத் தெருமொழி, வியாபார மொழி, போலீஸ்காரரிடம் பதில் சொல்லும் மொழி. அந்தத் தமிழில் ஒருவர் உரிமையைப் பற்றி வாதாடியதை, வேடம் கலந்த நகைச்சுவை இல்லாமல், வெட்டாமல், பலரும் முதன்முறையாகக் கேட்டது இந்தக் காணொளியில்தான் என்பேன். அது பரவியதற்கு அநீதி மட்டும் காரணமல்ல. அநீதி தினமும் நடக்கிறது. அந்தப் பேச்சுதான் காரணம்.

அதற்கு ஐந்தாறு வருடம் முன்னால் என்றால் அந்தப் பேச்சு பூஞ்சேரி எல்லையைத் தாண்டியிருக்காது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இலவசமாக டேட்டாவை இறைத்தது. மற்ற நிறுவனங்களும் விலையை இறக்கின. கடலை வாங்கும் காசில் ஒருநாள் முழுக்கப் படம் பார்க்கலாம் என்று ஆனது. ஒரு மைக், ஒரு கைப்பேசி, ஒரு பைக் இருந்தால் யூடியூப் சேனல் என்று ஒரு தொழில் ஊருக்கு ஊர் முளைத்தது. அதை நடத்துகிறவர்களில் பாதிப்பேர் பண்ணுகிற அட்டகாசம் தாங்கமுடியாது, அது வேறு. ஆனால் மாவட்டத் தலைநகர நிருபர் போகாத குடியிருப்புக்கு அவர்கள் போனார்கள். போன இடத்தில் வெட்டாமல் பேசவிட்டார்கள். வெட்டத் தெரியாததுகூடக் காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 29ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, அறநிலையத் துறை அமைச்சர் பி.கே. சேகர்பாபு அதே கோயிலுக்கு வந்தார். அதே அன்னதானப் பந்தியில் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, தானும் இலையில் சாப்பிட்டார். அந்தப் புகைப்படம் முதல் காணொளியைவிட வேகமாகப் போனது. ஆறே நாளில், நவம்பர் 4ஆம் தேதி, தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்தார். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குச் சுமார் நான்கரைக் கோடி ரூபாய் மதிப்பில் நலத்திட்ட உதவிகள் வழங்கப்பட்டன. வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, நலவாரிய அட்டை, தொழில் தொடங்கக் கடன் உதவி.

அதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 2ஆம் தேதி, இருளர்களைப் பற்றிய த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ படம் அமேசான் பிரைமில் வெளியாகியிருந்தது. தியேட்டரில் அல்ல, கைப்பேசியிலும் வீட்டு டிவியிலும். படத்தின் சார்பில் பழங்குடி இருளர் அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாயைச் சூர்யா முதல்வர் முன்னிலையில் கொடுத்திருந்தார். அந்த ஒரு வாரம் தமிழ்நாட்டின் கைப்பேசிகளில் இருளரும் நரிக்குறவரும்தான் இருந்தார்கள். திரையில் பார்த்த இருட்டுக்கும் பூஞ்சேரியில் பார்த்த பந்திக்கும் நடுவே ஒரு கோடு தானாக இழுபட்டது. அரசியல்வாதிக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. காற்றடிக்கும்போதாவது தூற்றிக்கொள்கிறவர் இருக்கிறாரே.

இப்போது அந்த உதவிப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். காணொளியில் கேட்கப்பட்டது சோறு. கொடுக்கப்பட்டது தாள்.

ஆறு நாளில் பட்டா தயாராகுமா? வருவாய்த் துறைப் பக்கம் ஒருமுறை போய்வந்தவர்கள் சிரிப்பார்கள். இடம் என்ன வகைப்பாடு, புறம்போக்கு என்றால் எந்தப் புறம்போக்கு, நீர்நிலையா, மேய்ச்சலா, கிராம நத்தமா, யார் எத்தனை வருடமாக இருக்கிறார்கள், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வருவாய் ஆய்வாளர் அறிக்கை, நில அளவர் வந்து போட்ட கோடு, வட்டாட்சியர் கையெழுத்து. ஆறு நாளில் இதெல்லாம் பூஜ்யத்திலிருந்து முளைப்பதில்லை. எங்கோ பாதி நடந்து கிடந்த கோப்பு ஒன்று இருக்கவேண்டும். யாரோ பல வருடம் மனு கொடுத்து, கொடுத்து, அலைந்து நகர்த்தி வைத்திருக்கவேண்டும். காணொளி அந்தக் கோப்பின் மேல் இருந்த தூசியைத் தட்டியது.

அந்த அலைச்சல் எப்படிப்பட்டது? 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. அதற்குப் பிறகு பூஞ்சேரிக்காரர்களுக்கு ஆட்சியர் அலுவலகம் காஞ்சிபுரத்தில். போக மட்டும் அறுபது கிலோமீட்டருக்கு மேல். 2019 நவம்பர் 29ஆம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை இதுதான் நிலை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையில் கிளம்பி, பஸ் மாறி, வாசலில் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கொடுத்து ஒருவரிடம் மனு எழுதி வாங்கி, வரிசையில் நின்று, கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். அன்றைக்குப் பாசிமணி விற்ற காசு கிடையாது. சில வாரம் கழித்துக் கடிதம் வரும்: ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக வட்டாட்சியருக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ வட்டாட்சியரிடம் நடக்காமல்தானே ஆட்சியரிடம் போனோம் என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்த வாசல்களில் 2017க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து போலீஸ் சோதிப்பது. மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. அந்த ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி, கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனு கொடுத்தும் பலனில்லாத ஒரு கூலித்தொழிலாளி, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனைவியோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் தீ வைத்துக்கொண்டார். நால்வரும் பிழைக்கவில்லை. அந்தப் படங்களும் கைப்பேசி வழியேதான் தமிழ்நாடு முழுக்கப் போயின. அதைக் கண்டித்துக் கேலிச்சித்திரம் வரைந்து முகநூலில் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாலாவை நவம்பர் 5ஆம் தேதி கைது செய்தார்கள். மனு எரிந்ததற்கு யார் பொறுப்பு என்பதைவிடப் படம் வரைந்தது யார் என்பதை வேகமாகக் கண்டுபிடித்தார்கள். பூஞ்சேரியின் மகிழ்ச்சியான ஆறு நாளை எழுதும்போது நெல்லையின் இந்தப் பதின்மூன்று நாளையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாதிச் சான்றின் கதை இன்னும் நீளம். வேட்டையாடிப் பிழைத்த நரிக்குறவர்களை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றவாளிகளாக்கியது. காட்டை விட்டவர்கள் பாசிமணிக்கும் ஊசிக்கும் வந்தார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். நிலமும் சங்கமும் வாக்குவங்கியும் உள்ள பெரிய சாதிகளோடு ஒரே இருபது சதவீதத்துக்குள் போட்டி. கால்நடையாக ஊர் ஊராகப் போகிறவனையும் டிராக்டர் வைத்திருக்கிறவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொன்னதுபோல. இவர்களைப் பழங்குடியில் சேர்க்கலாம் என்று மத்திய அரசின் லோகூர் குழு 1965இலேயே பரிந்துரைத்துவிட்டது. கருணாநிதி ஆட்சியில் 2008இல் நலவாரியம் வந்தது. முதல்வர்கள் மாறி மாறி டெல்லிக்குக் கடிதம் எழுதினார்கள். மசோதா அறிமுகமாகிக் காலாவதியான கதையும் உண்டு. சங்கத்துப் பெரியவர்கள் கோரிக்கைத் தாளைக் கையில் பிடித்தபடியே முதியவர்களானார்கள்.

இருளர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், சான்றுதான் கிடைக்காது. உன் அப்பாவின் சான்றைக் கொண்டுவா என்பார் அதிகாரி. அப்பாவுக்குச் சான்று இருந்திருந்தால் மகன் ஏன் செங்கல் சூளையில் பிறக்கிறான்? இந்தச் சான்றுக்காகவும் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டி, கைப்பேசி வருவதற்கு முன்பிருந்தே கையால் மனு எழுதிக்கொண்டிருந்தார்.

சங்கம் வருவதற்கும் முன்னால் இருளர்களுக்கு ஒரு வலைப்பின்னல் இருந்தது. அது மாமல்லபுரக் கடற்கரை. வருடா வருடம் மாசிமகத்துக்கு வடதமிழ்நாட்டின் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் தோப்புகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் கடற்கரைக் கோயில் பக்கத்து மணலில் வந்து இறங்கும். சேலையைக் கம்பில் கட்டிக் கூடாரம். மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனுக்குப் பூசை. விடிகாலை அலையோரத்தில் கல்யாணம். எந்தச் சூளையில் முன்பணம் கொடுத்து மடக்குகிறார்கள், எந்த ஊரில் போலீஸ் பொய்க்கேஸ் போடுகிறது, யார் பெண் யார் பையனுக்கு, எல்லாச் செய்தியும் அந்த ஒரே இரவில் கைமாறும். அடுத்த செய்திக்கு அடுத்த மாசி. அந்த மணலைப் பார்க்காமல் பழங்குடிகளுக்கு இணையம் வந்துதான் குரல் கிடைத்தது என்று எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. குரல் இருந்தது. கேட்கிற தூரம்தான் குறைவாக இருந்தது.

இந்தக் கடற்கரை 2021க்கு முன்பே கைப்பேசி அரசியலுக்குப் பழகிய இடம். பூஞ்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவிடந்தை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வந்து சுற்றும் நித்யகல்யாணப் பெருமாள் கோயில் ஊர். 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை அங்கே மத்திய அரசின் ராணுவத் தளவாடக் கண்காட்சி. 12ஆம் தேதி பிரதமர் மோடி வந்தார். அந்த ஆண்டு பிப்ரவரி 16இல்தான் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்து, ஆறு வாரத்தில் திட்டம் ஒன்றை ஏற்படுத்தச் சொல்லியிருந்தது. ஆறு வாரம் முடிந்தது, மேலாண்மை வாரியம் வரவில்லை. ஊரெல்லாம் கறுப்புக்கொடி. கறுப்புக்கொடி காட்டுகிறவனுக்கு ஒரு சாலை வேண்டும், சாலையில் ஒரு கார் வேண்டும். பிரதமரோ விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் திருவிடந்தைக்குப் போனார். ஹெலிகாப்டருக்குக் கொடி காட்டுவது எப்படி? கறுப்பு பலூன் விட்டுப்பார்த்தார்கள். பிறகு கொடி ட்விட்டருக்குப் போனது. ‘கோ பேக் மோடி’ என்ற ஹேஷ்டேக் அன்று இந்தியாவில் முதலிடம், உலகப் பட்டியலிலும் மேலே.

சைமன் கமிஷனுக்கு 1928இல் எழுப்பிய முழக்கத்தின் அச்சு அது. தொண்ணூறு வருடம் கழித்து ஈ.சி.ஆரில் அதைக் கேட்டார்கள், அதாவது பார்த்தார்கள். காவிரி நீர் மேலாண்மை ஆணையம் ஜூன் 1ஆம் தேதி அரசிதழில் வந்தது. ஹேஷ்டேக்கால் வந்ததா என்றால் இல்லை. நீதிமன்றத்தின் தொடர் நெருக்கடியால் வந்தது. ஆனால் அன்று முதல் பிரதமர் தமிழ்நாட்டுக்கு வரும் போதெல்லாம் அந்த வாசகம் ஒரு சடங்காகிவிட்டது. சடங்கானால் என்ன ஆகும் என்பதை அடுத்த வருடமே மாமல்லபுரத்தில் பார்த்தோம்.

2019 அக்டோபர் 11. சீன அதிபர் ஷி ஜின்பிங்கை வேட்டி சட்டையில் வரவேற்று, அர்ஜுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று மோடி சுற்றிக்காட்டினார். ட்விட்டரில் வழக்கம்போல ‘கோ பேக் மோடி’. இம்முறை எதிர்த்தரப்பும் தயாராக இருந்தது. ‘தமிழ்நாடு மோடியை வரவேற்கிறது’ என்று பொருள்படும் ஹேஷ்டேக்கும் மேலே ஏறியது. நீ போலிக் கணக்கு, நீ வெளிநாட்டுக் கணக்கு என்று இரு பக்கமும் அடித்துக்கொண்டன. எதிர்க்கட்சியாக இருந்த திமுகவோ சந்திப்பை வரவேற்று அறிக்கை விட்டது! மறுநாள் காலை கோவளம் கடற்கரையில் மோடி குப்பை பொறுக்கும் காணொளி அவர் கணக்கிலேயே வந்தது. கடற்கரையும் ஒரு ஸ்டுடியோதான் என்பதை எல்லாரையும்விட அவர் நன்றாக அறிந்திருந்தார்.

அந்த இரண்டு நாளுக்காக மாமல்லபுரத்தின் நடைபாதைக் கடைகளை எடுத்துவிட்டார்கள். ஊர் பளிச்சென்று இருந்தது. சுவருக்கு வண்ணம், சாலைக்குத் தார், புல்தரை. பாசிமணி விரிப்புகள் எந்தப் படத்திலும் இல்லை. சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்ட அந்த ஆட்களில் ஒருவர்தான் இரண்டு வருடம் கழித்துச் சட்டகத்தின் நடுவே வந்து நின்று பேசினார். இதை யாரும் திட்டமிடவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மனு எழுதுவதில் நல்ல பரம்பரை உண்டு. மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் ஏரியில் கும்பினிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டுத்தள்ளியபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798 வாக்கில் ஒரு கவுல் வாங்கினார்கள். பறவையைச் சுடக்கூடாது என்பதற்கு எழுத்தில் ஒரு உரிமை. பறவைப் பாசம் மட்டுமல்ல, எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு எரு. 1858இல் அந்த உரிமையை மறுபடி புதுப்பித்து வாங்கினார்கள். தாளின் அருமை தெரிந்த ஊர். 2020இல், ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்தபோது, சரணாலயத்தின் எல்லையை ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகச் சுருக்கும் யோசனை டெல்லிக்குப் போயிருப்பது வெளியே வந்தது. அந்த வெளி வளையத்துக்குள் ஒரு மருந்து ஆலை. தெருவில் இறங்க முடியாத காலம். ஜூன் மாதத்தில் ‘வேடந்தாங்கலைக் காப்போம்’ என்று ஓவியமும் கையெழுத்தும் மின்னஞ்சலுமாகக் கொட்டியது. சுருக்கும் யோசனை நிறைவேறவில்லை. 2022 ஆகஸ்டில் வேடந்தாங்கல் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

அந்த 2020 ஜூலையில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு எதிராக மின்னஞ்சல் திரட்டிய இளைஞர் இயக்கம் ஒன்றின் இணையதளத்தை டெல்லியில் முடக்கினார்கள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைச் சுட்டி நோட்டீஸ் போனது, பிறகு தவறாக அனுப்பிவிட்டோம் என்று பின்வாங்கினார்கள். அமைச்சரின் அஞ்சல்பெட்டி நிரம்பியதுதான் குற்றம். பிளேஸ் துரையின் கச்சேரி வாசலில் ஊர் திரண்டு நின்றபோது அவர் என்ன நினைத்தாரோ.

பூஞ்சேரிக்குத் திரும்புவோம். தீபாவளி முடிந்தது, கேமராக்கள் போயின. கடன் என்று சொன்னார்கள், வங்கிக்குப் போனால் அலையவிடுகிறார்கள், கடை தருகிறோம் என்றது வரவில்லை என்று அதே குடியிருப்பிலிருந்து மீண்டும் காணொளிகள் வந்தன. இவை முதல் காணொளியின் அளவுக்கு ஓடவில்லை. சோற்றுப் பந்தியில் எழுப்பிவிட்டார்கள் என்பது ஒரு நொடியில் எல்லாருக்கும் புரியும், வயிற்றில் சுருக்கென்று தைக்கும். வங்கி மேலாளர் பிணையம் கேட்கிறார், ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்பதையெல்லாம் யார் பகிர்வார்கள்? கீழே வந்த மறுமொழிகளில், வீடு தேடி முதல்வரே வந்தபிறகும் குறை சொல்கிறாயா என்று ஏசியவர்களும் இருந்தார்கள். முன்பு கைதட்டியவர்களும் இவர்களே. நன்றியுள்ள ஏழையைத்தான் நமக்குப் பிடிக்கும்.

ஆனாலும் அந்த வழி மற்றவர்களுக்குத் தெரிந்துபோனது. 2022 மார்ச்சில் ஆவடி பக்கத்து நரிக்குறவர் மாணவிகள், பள்ளிச் சீருடையோடு, எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வேண்டும், சாலை வேண்டும், சான்று வேண்டும் என்று பேசிய காணொளி வந்தது. முதல்வர் அவர்களைத் தலைமைச் செயலகத்துக்கு அழைத்தார். ஏப்ரல் 15ஆம் தேதி அவர்கள் குடியிருப்புக்குப் போய்ச் சாப்பிட்டார். பிள்ளைகள் கேட்டவற்றில் ஒன்றைக் குறிப்பாகக் கவனித்தவர்கள் உண்டு. சாதிச் சான்று.

அந்த வருடம் செப்டம்பர் 14ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா டிசம்பர் 15ஆம் தேதி மக்களவையிலும், 22ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறி, அடுத்த மாதம் சட்டமானது. லோகூர் குழு சொல்லி ஐம்பத்தேழு வருடம். இதில் காணொளியின் பங்கு எவ்வளவு? மாநில அரசுக்கு வேகம் கொடுத்திருக்கலாம், டெல்லியில் எதிர்ப்பில்லாத சூழலை உண்டாக்கியிருக்கலாம். ஐம்பத்தாறு வருடம் தள்ளியவர்களையும் கடைசி ஒரு வருடம் தள்ளியவர்களையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவில் பூஞ்சேரி இன்னொரு திருவிழாவையும் பார்த்தது. 2022 ஜூலை, ஆகஸ்டில் நாற்பத்து நான்காவது செஸ் ஒலிம்பியாட் அங்குள்ள ஒரு நட்சத்திர ஹோட்டலில்தான் நடந்தது. நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். ஊர் மறுபடி பளிச்சிட்டது.

புதுச் சட்டத்தோடு புதுப் படியும் வந்தது. மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்று வட்ட அளவிலேயே முடிந்துவிடும். பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ கையெழுத்திட வேண்டும். விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக. விண்ணப்பிக்க ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், எண்ணுக்கு வரும் ஓடிபி. பெரியகுளம் திருவிழாவில் ஒருமாதம், பழனியில் ஒருமாதம் என்று போகிறவர்களிடம் ஒரே எண் எத்தனை வருடம் இருக்கும்?

இந்த அத்தியாயத்துக்காகக் கடற்கரைக் கோயில் போகும் வழியில் ஒரு நாள் மாலை சுற்றிக்கொண்டிருந்தேன். நடைபாதை ஓரத்தில் நீலத் தார்ப்பாய் விரிப்பு. சிவப்பு, பச்சை, பால்வெள்ளை என்று பாசிமணிகள் கிண்ணத்தில் தனித்தனியாக. ஒரு நடுத்தர வயது அம்மா கால்கட்டைவிரலில் நரம்பின் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, பார்க்காமலே கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கண்ணாடி விரிசல்விட்ட கைப்பேசியில் பேத்தி ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கிண்ணங்களுக்கு நடுவே, காற்றில் பறக்காமல் ஒரு கல் வைத்து, கியூஆர் அட்டை.

ஒரு மாலை எடுத்தேன். எண்பது என்றார். சில்லறை இல்லை, அட்டையை ஸ்கேன் செய்தேன். திரையில் வந்தது ஒரு ஆண் பெயர். சரிதானா என்று காட்டினேன்.

“அது எதுத்தாப்ல ஜூஸ் கடைக்காரரு பேரு சார். என் கணக்குல ஏதோ பேரு தப்பா இருக்குதுன்னு பாங்க்ல நிறுத்தி வச்சிருக்காங்க. நீங்க போடுங்க. கடைய மூடறப்ப அவருகிட்ட வாங்கிப்பேன்.”

போட்டேன். சாலைக்கு அந்தப் பக்கம், ஜூஸ் கடைக்குள், ஒரு பெட்டி எண்பது ரூபாய் வந்து சேர்ந்ததாகச் சத்தமாகச் சொன்னது. அந்த அம்மா நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். கடைக்காரரும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

(தொடரும்)